எடுத்தால்தான் கணக்கு

உசிலம்பட்டியிலிருந்து ஒச்சம்மா என்றொருத்தி
நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குப் போட்டுக் கேட்டாளாம்:
"பதினோரு நாளா அடிக்கிறேன். மணி போகுது.
எடுக்க மாட்டேங்கிறான் எங்கண்ணன்.
வேணும்னே எடுக்கலையான்னு
ஒங்க மிஷின்ல தெரியுமா?"

புகார்ச் சீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
இரைச்சல் உண்டு, குறுக்குப் பேச்சு உண்டு,
பில் தகராறுகூட உண்டு.
சம்மனசு சார் பேனாவைக் கடித்துப் பார்த்துவிட்டு
'டெட்' என்பதில் ஒரு டிக் போட்டு
என்னிடம் நீட்டினார்.

முகவரியைப் பார்த்ததும் சுருக்கென்றது.
ஜெய்ஹிந்துபுரம், அந்த முட்டுச்சந்து.
சாக்கடைக்குத் தோண்டியவர்கள்
பத்து ஜோடிக் கேபிளைக் கொத்திவிட்டுப் போயிருந்தார்கள்.
போன வாரம் நான்தான் ஒட்டினேன்.
ஒன்பது வீட்டுக்காரர்கள் குழிக்கு மேல் நின்று கத்தினார்கள்,
ஒன்பது ஜோடியை முறுக்கினேன்.
பத்தாவதைக் கேட்க ஆளில்லை.
வெயில் வேறு. விட்டுவிட்டேன்.

ரிசீவரை எடுத்துப் பார்க்கிறவனுக்குத்தானே
உள்ளே டயல் டோன் இல்லையென்று தெரியும்?
தவசிக்கு யாரையும் கூப்பிட இல்லை.
கூப்பிடாத போன் செத்தாலும்
இருந்த மாதிரியேதான் இருக்கும், மேஜையில்.

அவளிடம் யாராவது சொல்லியிருக்கலாம்:
உன் காதில் கேட்ட மணி அவன் வீட்டு மணி இல்லை, தாயீ.
அது எக்ஸ்சேஞ்ச் உனக்காகப் போடுகிற சத்தம்.
அனுப்பியிருக்கிறேன், பொறு என்பதற்கு அதன் பாஷை.
கம்பி அறுந்து கிடந்தாலும் அதே சத்தம்தான்,
இரண்டிரண்டாய், நடுவே ஒரு மூச்சுவிட்டு.
என்கேஜ்டு வந்திருந்தால்கூட
யாரோடோ பேசுகிறான் என்று வைது தீர்த்திருப்பாய்.

குழியில் முழங்கால் வரை தண்ணீர்.
இரண்டு கம்பி என்றால்
ஒன்று போக, ஒன்று வர என்று நினைக்கிறார்கள் ஜனங்கள்.
அப்படியில்லை.
இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வட்டம்.
ரிசீவரை எடுத்தால் வட்டம் மூடும்,
கரண்ட் ஓடும், எக்ஸ்சேஞ்ச் விழிக்கும்.
வைத்துவிட்டால் வட்டம் அறும்.
ஆனாலும் கம்பியில் ஐம்பது வோல்ட்
சும்மா நின்றுகொண்டேயிருக்கும்,
எடுப்பானா எடுப்பானா என்று.
அது ஆளைக் கடிக்காது.

மணிக்கு வருகிற கரண்ட் கடிக்கும்.

வெள்ளையையும் நீலத்தையும் பல்லால் சீவி,
ஈரக்கையில் பிடித்த நேரம்
சுரீரென்று முழங்கை வரை ஏறியது.
விட்டது. மறுபடி ஏறியது.
இரண்டிரண்டாய், நடுவே ஒரு மூச்சுவிட்டு.

ஒச்சம்மா.
யாரென்று கேட்க வேண்டியதேயில்லை,
வேறு எவர் அடிப்பார் இந்த நம்பரை?
பதினோரு நாளும் இந்த மண்ணுக்குள்தான்
வந்து வந்து முட்டியிருக்கிறாள்.
பூத்துக்காரன் ஒரு தடவைகூடக் காசு வாங்கியிருக்க மாட்டான்.
எடுத்தால்தான் மீட்டர் ஓடும்.
எந்தப் பில்லிலும் ஒரு வரி இல்லை,
அவள் அழைத்தாள் என்பதற்கு.

முறுக்கினேன். இன்னொரு முறுக்கு.
மாடியில் மணி கேட்டது.

நிஜ மணி.

ஒன்று. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.
இரண்டு, மூன்று.
நாலாவதில் நாற்காலி நகர்ந்த மாதிரி இருந்தது,
தெருவில் போன குப்பை வண்டியாகவும் இருக்கலாம்.
ஆறோடு நின்றது.

மணி நின்றால் இரண்டு அர்த்தம்:
இவன் எடுத்துவிட்டான்,
அல்லது அவள் வைத்துவிட்டாள்.
டெஸ்ட் போனைக் கம்பியில் கவ்வவிட்டால்
ஒரு நொடியில் தெரிந்துவிடும்.
இடுப்பில்தான் தொங்குகிறது.

ஜோடிக்கு ஸ்லீவ் மாட்டி, டேப் சுற்றி,
கல்லை இழுத்து மூடினேன்.
சீட்டில் 'லைன் ஓகே' என்று எழுதுகையில்
விரல் இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.
சம்மனசு சாருக்கு என் கையெழுத்து புரியவில்லை.